கல்லாவுக்கு எந்தப் பக்கம்?
சால்ஃபோர்டு பால்ய நினைவுகளை முன்வைத்துச் சில கேள்விகள்

சங்க வேலையாகச் சென்னை போயிருந்தபோது ஒரு தோழர் பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கி வந்து என் கையில் திணித்த புத்தகம் இது. ராபர்ட் ராபர்ட்ஸ் எழுதிய 'தி கிளாசிக் ஸ்லம்'. 1971இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 1973இல் பெலிகன் மலிவுப் பதிப்பாக வந்தது. எனக்குக் கிடைத்தது அந்தப் பெலிகன். நான் படித்தது எம்.ஏ. தமிழ். ஆங்கிலம் நோட்டீஸ் படிக்கிற அளவுக்குத்தான் வரும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து, மூணு மாசத்துல படிச்சு முடிச்சேன். முடித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்துக்காரர் ஒருவர் நூறு வருசத்துக்கு முந்தின தன் தெருவைப் பற்றி எழுதினதுக்கு, திண்டிவனத்துக்குப் பக்கத்துல ஒரு காலனியில பிறந்த எனக்கு ஏன் தூக்கம் கெடணும்? அதற்கான பதிலைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

வட இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டி, இர்வெல் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற நகரம் சால்ஃபோர்டு. பருத்தி ஆலைகள், சாயப் பட்டறைகள், இரும்புப் பட்டறைகள், ரயில் பாதைகள், 1894இல் கப்பல் கால்வாய் திறந்த பிறகு துறைமுக வேலை. இவற்றுக்கு நடுவே முதுகோடு முதுகு ஒட்டிய செங்கல் வீடுகளில் அடைந்து கிடந்தவர்கள் இந்த மக்கள். எங்கெல்ஸ் 1845இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை' நூலில் இந்த நகரத்தைப் பற்றிச் சொன்ன சொல்லைத்தான் ராபர்ட்ஸ் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். எங்கெல்ஸின் அப்பாவுக்குப் பங்கு இருந்த ஆலையே சால்ஃபோர்டில்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ராபர்ட்ஸ் 1905இல் பிறந்தவர். இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே அடைபட்ட முப்பது தெருக்கள் கொண்ட பகுதி அவருடையது. அதை அவர் 'கிராமம்' என்றே சொல்கிறார். அந்தச் சின்ன இடத்துக்குள் பதினைந்து பீர்க்கடை இருந்தது, அடகுக்கடை இருந்தது, தெருமுனையில் ஒரு மளிகைக்கடை இருந்தது. அந்த மளிகைக்கடை அவருடைய அப்பா அம்மாவுடையது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பித்தளைப் பட்டறையில் வேலை பழகப் போனார். பிறகு ஆசிரியரானார். சிறையில் எழுத்தறியாத கைதிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், அதைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். அறுபது வயதைத் தாண்டித்தான் தன் தெருவை எழுத உட்கார்ந்தார். 1974இல் செத்துப்போனார். சொந்தப் பால்யத்தை இன்னும் நெருங்கி நின்று சொன்ன 'எ ராகிட் ஸ்கூலிங்' அவர் சாவுக்குப் பிறகு 1976இல் வந்தது.

தலைப்பை மொழிபெயர்க்கப் போனபோதே எனக்குச் சிக்கல் வந்துவிட்டது. 'ஸ்லம்' என்ற சொல்லுக்கு அகராதியில் 'சேரி' என்று போட்டிருக்கிறது. தமிழ் படித்தவள் என்ற முறையில் இதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. பழந்தமிழில் சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரியும் இருக்கிறது, பறைச்சேரியும் இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. பிறகு மற்றவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லிலிருந்து வெளியேறிவிட்டார்கள், நாம் மட்டும் அதற்குள் மிச்சமானோம். ஸ்லம் என்பது வறுமை கட்டிய இடம். சேரி என்பது சாதி ஒதுக்கிய இடம். சால்ஃபோர்டின் பழைய தெருக்களை 1960களில் பெருமளவு இடித்துத் தள்ளினார்கள். ஜனங்கள் புது வீடுகளுக்குப் போனார்கள். தெரு போனதும் அந்தப் பெயரும் அவர்கள் மேலிருந்து உதிர்ந்துபோனது. எங்க காலனியில் ஓலைக்கூரை போய்க் காங்கிரீட் வந்து இருபது வருசம் ஆச்சு. பேரு உதிரலையே! இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் இந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும்.

*

அப்படியென்றால் நமக்கு இதில் என்ன இருக்கிறது? ஏழைகள் எல்லாரும் ஒண்ணு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த மார்க்சியத் தோழர்கள் யாரும் சொல்லாத ஒன்றை ராபர்ட்ஸ் முதல் இயலிலேயே போட்டு உடைக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அழுக்காகத் தெரிந்த அந்த முப்பது தெருவுக்குள் எத்தனை படிகள்! உச்சியில் கடைக்காரர்களும் பீர்க்கடைக்காரர்களும் கைத்தொழில் தெரிந்தவர்களும். அதற்குக் கீழே பாதித் தொழில் தெரிந்தவர்கள். அதற்கும் கீழே மூட்டை தூக்கும், மண் வெட்டும் கூலிகள். எல்லாருக்கும் அடியில், எப்போது ஏழைவிடுதிக்குள் போய் விழுவோமோ என்று விளிம்பில் நின்றவர்கள். ஒரே வருமானம் உள்ளவர்களுக்குள்ளேயும் மேல்தெரு கீழ்தெரு உண்டு. ஐரிஷ் கத்தோலிக்கர்களை மற்ற ஏழைகள் தங்களுக்கும் கீழாகப் பார்த்ததையும் அவர் மறைக்கவில்லை. தொப்பி போட்ட பெண் சால்வை போர்த்திய பெண்ணைப் பார்த்து முகம் சுளித்தாள். வாசப்படியைக் கல் வைத்துத் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டவள், தேய்க்காத பக்கத்து வீட்டுக்காரியைத் தெருமுனையில் நின்று நாலு கிழவிகளோடு சேர்ந்து தீர்ப்புச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் புருசனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மூட்டை கட்டி அடகுக்கடைக்குக் கொண்டுபோனவள் யார், சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்டவள் யார், மீட்காதவள் யார் என்று தெருவுக்கே கணக்குத் தெரிந்திருந்தது.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்துப் படிக்கட்டாக அடுக்குவது என்று சொன்னார். சால்ஃபோர்டில் சாதி இல்லை. ஆனால் படிக்கட்டு இருந்தது. ஒவ்வொரு படியில் நின்றவனுக்கும் மிதிக்க ஒரு படி கீழே இருந்தது. அதனாலேயே மேலே இருந்தவனை அவன் நிமிர்ந்து கேட்கவில்லை. இதை ராபர்ட்ஸ் கோட்பாடாகச் சொல்லவில்லை. தன் அம்மாவை வைத்துச் சொல்கிறார்.

புத்தகத்திலேயே என்னை நிறுத்திய இடம் அதுதான். கடன் கேட்டு ஒரு பெண் கடைக்கு வருகிறாள். எப்போதும் பெண்தான் வருவாள், புருசன் வரமாட்டான். அவமானப்படுகிற வேலையை எல்லா ஊரிலும் பெண்ணுக்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற அவருடைய அம்மா அவளை மனசுக்குள் எடைபோடுகிறாள். வீட்டில் எத்தனை வாய்? புருசனுக்கு உடம்பு எப்படி? காசநோய் இருக்கிறதா? இருந்தால் அடுத்து சம்பாதிக்கிறவனையே அது கொண்டுபோகும். குடிக்கிறவனா? வேலைக்கு நேரத்துக்குப் போகிறவனா? அடகுக்கடைக்குப் போகிறவர்களா? எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒன்று கடன் நோட்டில் பெயர் ஏறும், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்கிற குரலில் இல்லை என்று சொல்லப்படும். பெயர் ஏறினால் அந்தக் குடும்பத்துக்கு மானம். ஏறாவிட்டால் அன்று ராத்திரி அடுப்பு எரியாது.

அந்த அம்மா கெட்டவளில்லை. இரக்கமுள்ளவள், படிப்பில் ஆசையுள்ளவள், அரசியல் பேசுகிறவள். கடன் கொடுத்துக் கொடுத்தே கடை முங்கிப்போகும் என்ற பயம் அவளுக்கு உண்டு. அவளும் ஏழைதான், ஒரு படி மேலே நிற்கிற ஏழை. ராபர்ட்ஸ் அவளை நேசித்துக்கொண்டே, அவள் கையில் இருந்த அதிகாரத்தையும் எழுதினார். இந்த நேர்மைதான் இந்தப் புத்தகத்தின் பலம்.

*

இந்த நேர்மையின் அருமை தெரிய வேண்டுமென்றால், அதே வட இங்கிலாந்தை மற்றவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

யார்க் நகரத்தில் சாக்லேட் ஆலை முதலாளிக் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரௌன்ட்ரீ, 1899இல் வீடு வீடாக ஆள் அனுப்பி 11,560 குடும்பங்களைக் கணக்கெடுத்தார். அந்நகரத்து ஜனத்தொகையில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று 1901இல் எழுதினார். ஏழ்மை சோம்பேறித்தனத்தால் வருவதில்லை, கூலி குறைவால் வருகிறது என்று நிரூபித்த பெரிய வேலை அது. ஆனால் அதில் ஏழைக்கு எண்ணிக்கை உண்டு, குரல் கிடையாது.

ஆலைப் புகைக்கூண்டுகளுக்கு அடியில் தீக்குச்சி மாதிரி நடந்துபோகிற ஜனங்களை வரைந்த எல்.எஸ். லௌரி உலகப் புகழ்பெற்றவர். வீட்டு வாடகை வசூல்காரராக இருந்து 1952இல் ஓய்வுபெற்றார். தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்டி வாடகை வாங்கியவர். உயிரோடு இருந்தவரை இந்த வேலையைப் பெரிதாக வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. அவர் பெயரில் 2000இல் சால்ஃபோர்டின் பழைய துறைமுகப் பகுதியில் பெரிய கலைமாளிகை திறந்தார்கள். அவர் ஓவியத்தில் ஜனங்களுக்கு முகம் அவ்வளவாகத் தெரியாது. வாடகை வசூலிக்கப் போனவருக்குக் கதவைத் திறந்தவள் முகத்தை முழுசாகக் காட்டியிருப்பாளா என்று நான் யோசிக்கிறேன். இது என் யோசனைதான், கலை விமர்சகர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

அடுத்தவர் ரிச்சர்ட் ஹோகார்ட். லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் பகுதியில் தாய் தகப்பன் இல்லாமல் பாட்டி வளர்த்த பையன். உதவித்தொகையில் படித்து மேலே வந்தவர். 1957இல் வந்த அவருடைய 'தி யூசஸ் ஆஃப் லிட்டரசி' பண்பாட்டு ஆய்வு என்ற துறைக்கே அடித்தளம் போட்ட நூல். அடுப்பங்கரைச் சூடு, அம்மாவின் உழைப்பு, அக்கம்பக்கத்தின் ஒட்டுதல், 'அவங்க – நாம' என்ற பிரிவு என்று அந்தத் தெருவின் வாழ்க்கையை அவர் எழுதினதைப் படித்தால் கண் கலங்கும். படித்து மேலே போன பையன் இரண்டு உலகத்திலும் ஒட்டாமல் தவிக்கிற தவிப்பை எழுதினாரே, அதை நம்மில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன ஒவ்வொருத்தரும் அனுபவித்திருக்கிறோம். ஏக்கம் கண்ணை மறைத்துவிடும் என்று அவரே ஆரம்பத்தில் எச்சரித்துக்கொள்கிறார். ஆனாலும் அந்த 'நாம'வுக்குள் யார் யாரை மிதித்தார்கள் என்ற கணக்கு அவரிடம் கம்மி. 1960இல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடர் அதே செங்கல் தெருவை வாரா வாரம் வீட்டுக்குள் கொண்டுவந்தது. தெருவை இடிக்க இடிக்க, அதன் மேல் ஏக்கம் வளர்ந்தது. அந்தக் காலத்து ஏழைகள் ஒட்டி உறவாடினார்கள் என்று பிரியமாக எழுதுகிறவர்களின் சித்திரம் மிகையானது என்று ராபர்ட்ஸ் வெளிப்படையாகவே மறுத்தார். மூட்டைப்பூச்சியும் கடனும் பக்கத்து வீட்டுக்காரியின் நாக்கும் அவருக்கு நினைவிருந்தது.

சரி, ராபர்ட்ஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரா? இங்கேதான் எனக்கு அவரோடு வழக்கு.

அவர் கல்லாவுக்கு இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளை. அந்தத் தெருவில் யாருக்கு எவ்வளவு கடன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கடன் கேட்டு வந்தவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது என்ன நினைத்தாள், வழியில் எத்தனை தடவை திரும்பிப் போய்விடலாமா என்று நின்றாள், இல்லை என்று சொன்ன பிறகு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் கடையின் வாசற்படி வரைதான் அவர் புத்தகத்தில் வருகிறாள். அவளுடைய பெயர் எழுத்தில் ஏறிய ஒரே இடம் அந்தக் கடன் நோட்டாகத்தான் இருந்திருக்கும்.

அவளுடைய பக்கத்துக்குக் கொஞ்சம் கிட்டே போகிற புத்தகம் ஒன்று உண்டு. ஆலிஸ் ஃபோலி எழுதிய 'எ போல்ட்டன் சைல்ட்ஹுட்' (1973). அதே லங்காஷயரின் போல்ட்டன் நகரத்தில் 1891இல் பிறந்தவர். ஐரிஷ் வழிவந்த அப்பாவுக்கு நிலையான வேலை கிடையாது, குடி உண்டு. ஆனால் டிக்கன்ஸ் நாவலை வீட்டில் உரக்கப் படித்து நடித்துக் காட்டுவாராம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஊரார் துணியை வாங்கி வெளுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவள். ஆலிஸ் பதிமூணு வயதில் ஆலைக்குப் போனார். பிறகு நெசவாளர் சங்கப் பொறுப்பாளராக உயர்ந்தார். தறிச் சத்தத்தில் காது அடைத்துப்போன அந்த ஆலைகளில் பெண்கள் உதட்டசைவை வைத்தே பேசிக்கொள்வார்கள். அதற்கு 'மீ-மா' என்று அவர்கள் பேச்சில் பெயர். மேஸ்திரிக்குக் கேட்காது, அவர்களுக்குள் மட்டும் புரியும். இப்படிப்பட்ட பேச்சு எதுவும் மளிகைக்கடை நோட்டில் ஏறாது. ராபர்ட்ஸ் புத்தகம் உலகமெல்லாம் போனது. ஆலிஸின் சின்னப் புத்தகம் உள்ளூர்த் தொழிலாளர் கல்வி வட்டாரத்தோடு பெரும்பாலும் நின்றுபோனது. சாட்சிகளுக்குள்ளும் படிக்கட்டு இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் பேச வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பாதிநாள் ஆலை, பாதிநாள் பள்ளி என்று போன முறை லங்காஷயரில் வெகுகாலம் இருந்தது. 1918 கல்விச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது. அதுவரை அதைக் காப்பாற்ற நின்றவர்கள் முதலாளிகள் மட்டுமல்ல, பருத்தித் தொழிலாளர் சங்கங்களில் பெரும்பாலோரும்தான். பிள்ளை கொண்டுவரும் அந்தச் சில காசு அவர்களுக்கு வேண்டியிருந்தது. இதை மூடி மறைத்துவிட்டுத் தொழிலாளி வர்க்க வரலாறு எழுதினால் அது யாருக்கு உதவும்?

*

இப்போது எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

ஊர்த்தெருக் கடையில் எங்க ஆயா கடன் வாங்கப் போகும்போது நானும் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். நாங்க கீழே நிப்போம். கடைக்காரர் மேலேயிருந்து பொட்டலத்தைப் போடுவார், ஆயா முந்தானையை விரிச்சுப் பிடிப்பாங்க. காசைக் கையில் வாங்கமாட்டார், பலகையில் வைக்கணும். இதை நான் பல கூட்டத்தில் பேசியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் எழுதாத ஒன்று இருக்கிறது. அதே ஆயா வீட்டு வாசலுக்குப் பொழுது சாயுற நேரம் கூடையோட ஒரு அம்மா வருவாங்க. எங்க தெருவுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் வீட்டு அம்மா. படியேற மாட்டாங்க. வெளியே நின்னு, "சாமி, சோறு போடுங்க சாமி" என்பாங்க. ஆயா உடனே போடமாட்டாங்க. "நேத்து ஏன் வரல? சாவு வீட்டுத் துணி இன்னும் வரலயே?" என்று கேட்டு, கணக்குப் பார்த்து, அந்தக் கணக்குக்குத் தக்கன குழம்பு ஊத்துவாங்க. அந்த அம்மாவுக்கு எங்க ஆயா வயசு இருக்கும். எனக்குப் பத்து வயசு. நான் அவங்களை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. காலையில் கல்லாவுக்கு அந்தப் பக்கம் முந்தானை ஏந்தி நின்ற எங்க ஆயா, சாயங்காலம் இந்தப் பக்கம் நின்றாள். ராபர்ட்ஸின் அம்மா கடன் கேட்டு வந்தவளை எடைபோட்ட பக்கத்தைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது எங்க ஆயா முகம்தான்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது நம் சாட்சி எழுத்துக்கு ஒரு வாசல் திறந்தது. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது, தலித்துகளுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் பெண்ணின் கதையைச் சொன்னதற்காகவே நம் பக்கமிருந்து கடுமையான எதிர்ப்பும் வந்தது. நம்ம அழுக்கை நாமே ஊருக்குக் காட்டலாமா, எதிரி இதை எடுத்து ஆயுதமாக்க மாட்டானா என்ற கேள்வி இன்றைக்கும் நம் கூட்டங்களில் எழுகிறது. அந்தப் பயம் பொய்யில்லை. சால்ஃபோர்டு ஏழை தன் தெருவின் படிக்கட்டை எழுதினால் அவனை யாரும் பிறப்பைச் சொல்லித் திரும்ப அடைக்க முடியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் எல்லாருக்கும் வேலை கிடைத்து, சாதாரணக் கூலிக்கும் கையில் காசு புழங்கியதும் அந்தப் பழைய படிகள் ஆட்டம் கண்டதை ராபர்ட்ஸே எழுதுகிறார். காசு வந்தால் ஆடுகிற படி அது. நம் படி காசுக்கு ஆடாது. நாம் சொல்லும் ஒவ்வொரு உள்வீட்டு உண்மையையும், "பார், அவர்களே அப்படித்தான்" என்று ஊர்த்தெரு தன் குற்றத்தைக் கழுவ எடுத்துக்கொள்ளும். ஆகவே அவர் எழுதியதைவிட நாம் எழுதுவது கஷ்டம். இதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எழுதாமல் விட்டால் யார் தப்பிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஊர்த்தெரு ஒன்றும் நஷ்டப்படாது. நான் தப்பிக்கிறேன். எங்க ஆயாவின் முந்தானையை மட்டும் எழுதி, அவள் கையிலிருந்த கரண்டியை எழுதாமல் விட்டால், நானும் லௌரி மாதிரி என் வேலையை மறைத்துக்கொண்டு முகமில்லாத ஜனங்களை வரைகிறவளாகிவிடுவேன். ராபர்ட்ஸிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சொந்த அம்மாவைக் கல்லாவில் வைத்து எழுதிய துணிச்சலை. அவரிடம் எடுத்துக்கொள்ளக் கூடாதது, அப்படி எழுதிவிட்டதாலேயே எதிரே நின்றவளின் கதையும் சொல்லி முடிந்துவிட்டது என்ற திருப்தியை. அவள் கதையை அவள்தான் சொல்ல வேண்டும். அவளுக்காக நான் சொல்ல முடியாது. நான் செய்யக்கூடியது என் பக்கத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு, இடத்தை விட்டு நகர்வது.

அந்தக் கூடைக்கார அம்மாவின் பேத்தி இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். போன மாசம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றாள். நான் "வாங்க" என்றேன். முப்பது வருசம் பிந்திப்போன ஒரு 'வாங்க'. அவள் கையில் நோட்டு இருந்தது. அதில் அவள் எங்க ஆயாவைப் பற்றி என்ன எழுதினாலும், அதை இந்த இதழ் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.